மூளைக்குள் சிப்: பேச்சைத் திருப்பித் தருமா, மனதையும் படித்துவிடுமா?

என்ன சொல்ல வேண்டும் என்று நன்றாகத் தெரியும். ஆனால் நாக்கும் உதடும் ஒத்துழைக்காது. ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய் முற்றிய பலரின் நிலை இதுதான். இவர்களுக்குக் கைகொடுக்க உருவாகி வரும் தொழில்நுட்பமே மூளை-கணினி இணைப்பு.

எப்படி வேலை செய்கிறது?

நாம் பேசும்போது உதடு, நாக்கு, தாடை, குரல்வளைக்கு மூளையிலிருந்து கட்டளை போகிறது. ஏஎல்எஸ் நோயாளிகளிடமும் அந்தக் கட்டளை கிளம்புகிறது, தசைக்குத்தான் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. மூளையில் பதித்த நுண் மின்முனைகள் கட்டளையை அங்கேயே பிடித்துவிடுகின்றன. எந்த ஒலியைச் சொல்ல முயல்கிறார் என்று கணித்து, சொற்களாக்கித் திரையில் காட்டுவது கணினியின் வேலை.

எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது?

அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தின் ஆய்வு 2024 ஆகஸ்டில் வெளியானது. 45 வது வயதில் இருந்த ஏஎல்எஸ் நோயாளிக்கு 256 மின்முனைகள் பொருத்தப்பட்டன. 1,25,000 ஆங்கிலச் சொற்கள் கொண்ட தொகுப்பில் சுமார் 97% துல்லியம் கிடைத்தது. நோய்க்கு முந்தைய பதிவுகளைக் கொண்டு, அவருடைய பழைய குரலிலேயே கணினி பேசியது. வேகம்தான் குறைவு: நிமிடத்துக்குச் சுமார் 32 சொற்கள். இந்தக் கருவிகள் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கின்றன.

நினைப்பதெல்லாம் வெளியே வந்துவிடுமா?

மேலே சொன்ன கருவி நினைப்பைப் படிப்பதில்லை, பேசும் முயற்சியைத்தான் படிக்கிறது. ஆனால் அந்த முயற்சியே நோயாளியைக் களைக்க வைக்கிறது. மனதுக்குள் சொன்னாலே போதும் என்றால் எவ்வளவு நிம்மதி! ஸ்டான்ஃபோர்டு குழு அதைச் சோதித்து, 2025 ஆகஸ்டில் முடிவை வெளியிட்டது. நான்கு பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், மனதுக்குள் சொன்ன வாக்கியங்களை அதிகபட்சம் 74% துல்லியமாகப் படிக்க முடிந்தது.

சிக்கலும் இங்கேதான். திரையில் இருந்த வடிவங்களை எண்ணச் சொன்னபோது, மனதில் ஓடிய எண்களின் தடயமும் கருவியில் சிக்கியது. அதனால் பூட்டு ஒன்றையும் அவர்களே சோதித்தார்கள். குறிப்பிட்ட ஒரு சொற்றொடரை மனதில் நினைத்தால்தான் கருவி கேட்கத் தொடங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிலி நாடு 2021இல் மூளைத் தரவைப் பாதுகாக்க அரசியல் சட்டத்தையே திருத்தியது. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மூளைத் தரவுக்கெனத் தனிப் பிரிவு இல்லை.

பேச்சை இழந்தவருக்கு அதைத் திருப்பித் தருவது பெரிய விஷயம். வேண்டாதபோது பேசாமல் இருக்கும் உரிமையும் அதோடு சேர்ந்தே வர வேண்டும்.