பாட்டோடு பெயரையும் கேட்போம்

மின்னணு நடன இசை என்றதும் நம் வயது இளையர் பலருக்கு மனத்தில் வருவது ஒரே காட்சிதான்: பெரிய மேடை, கண்ணைக் கூசும் விளக்குகள், கைகளை உயர்த்தச் சொல்லும் டிஜே. அந்த இசைக்கு இன்னொரு முகமும் உண்டு. பெரிய நிறுவனங்களின் விளம்பரமோ வானொலியின் ஆதரவோ இல்லாமல், சிறிய நடன விடுதிகளிலும் வீட்டு அறைகளிலும் வளர்ந்த இசை அது. ‘அண்டர்கிரவுண்ட்’ என்று அதைச் சொல்கிறார்கள். அதற்குள் நுழைய விரும்பும் இளையருக்கு ரீமிக்ஸ் தொகுப்புகளைவிட நல்ல வழி வேறில்லை என்பது என் கருத்து. ஆனால் அவற்றை முழுமையாகக் கேட்க வேண்டும், பெயர்களைப் படித்துக் கேட்க வேண்டும்.

எனக்கு அந்த வழியைக் காட்டியது ‘அனோக்கா’ என்ற தொகுப்பு. தப்லா கலைஞர் தல்வின் சிங் 1997ல் லண்டனில் வெளியிட்டது. அவர் அங்கே வாரந்தோறும் நடத்திய நடன இரவின் பெயரும் அதுவே. என் மாமாவிடம் அந்தக் குறுந்தட்டு இருந்தது. பின்னட்டையில் இருந்த பெயர்களில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஏ.ஆர். ரஹ்மான். ‘பம்பாய்’ படத்தின் கருவி இசை அதில் இடம்பெற்றிருக்கிறது. ரஹ்மானுக்காகக் கேட்கத் தொடங்கிய நான், ‘ஸ்டேட் ஆஃப் பெங்கால்’ போன்ற, அதுவரை கேள்விப்பட்டிராத பெயர்களிடம் போய்ச் சேர்ந்தேன். தப்லாவும் வேகமான டிரம் அண்ட் பேஸ் தாளமும் சேர்ந்து ஒலிக்க முடியும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. நல்ல தொகுப்பு இப்படித்தான் வேலை செய்கிறது. தெரிந்த ஒருவரைக் காட்டி அழைத்து, தெரியாத பத்துப் பேரை அறிமுகப்படுத்துகிறது.

தொகுப்புகள் ரசிகர்களை மட்டும் உருவாக்கவில்லை. ஓர் இசை வகைக்கே பெயர் கொடுத்திருக்கின்றன. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின நண்பர்கள் 1980களில் புதுவித இசையை உருவாக்கினார்கள். 1988ல் அவர்களுடைய பாடல்களும் அந்நகரின் மற்றவர்களுடைய பாடல்களும் ஒரே தொகுப்பாக பிரிட்டனில் வெளிவந்தன. அதன் தலைப்பில் இடம்பெற்ற ‘டெக்னோ’ என்ற சொல்தான் உலகெங்கும் அந்த இசையின் பெயராக நிலைத்தது.

‘ஹவுஸ்’ இசையின் கதையும் அப்படிப்பட்டதே. சிகாகோவில் 1977ல் தொடங்கிய ‘வேர்ஹவுஸ்’ என்ற நடன விடுதியில் ஃபிராங்கி நக்கல்ஸ் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். அங்கே கூடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், தன்பாலின ஈர்ப்புடையோர். மற்ற இடங்களில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு அந்த நடனத் தளம் ஒரு புகலிடமாக இருந்தது. அந்த விடுதியின் பெயரிலிருந்தே ‘ஹவுஸ்’ என்ற பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். சிங்கப்பூரிலும் இந்த இசையைப் பரவலாக அறிமுகப்படுத்திய ‘ஸூக்’, 1991ல் ஆற்றோரத்துப் பழைய கிடங்குகளில்தான் தொடங்கியது.

இன்று இந்த இசையைக் கேட்பவர்களில் பலர், இது ஐரோப்பிய விழா மேடைகளில் பிறந்தது என்றே நினைக்கிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. காணொளிகளில் பதினைந்து விநாடித் துண்டுகளாக வரும் இசைக்குப் பெரும்பாலும் பெயரே இருப்பதில்லை. பெயர் மறைந்தால் ஊர் மறைகிறது. ஊர் மறைந்தால் அங்கே பாடுபட்டவர்களும் மறைந்துபோகிறார்கள்.

தமிழ் படித்த நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. எட்டுத்தொகை என்பதே தொகுப்புகளின் வரிசைதானே! குறுந்தொகையைத் தொகுத்தவர்கள், சில பாடல்களைப் பாடியவர் யார் என்று தெரியாதபோதும் அவர்களை வெறுமனே விட்டுவிடவில்லை. பாட்டில் வந்த தொடரையே பெயராக்கிச் ‘செம்புலப்பெயனீரார்’ என்று மரியாதையோடு குறித்து வைத்தார்கள். பெயர் தொலைந்தவருக்கும் ஒரு பெயர் தந்து காத்த மரபு நம்முடையது.

நல்ல ரீமிக்ஸ் தொகுப்பிலும் அந்தக் கவனத்தைப் பார்க்கலாம். வியன்னாவைச் சேர்ந்த குரூடர், டோர்ஃப்மைஸ்டர் இருவரும் 1998ல் வெளியிட்ட தொகுப்பில் டெபெஷ் மோட், ரோனி சைஸ், லாம்ப் போன்றவர்களின் பாடல்களைத் தங்கள் பாணியில் மாற்றியமைத்தார்கள். பெரும்பாலான பாடல்களுக்கு இரண்டு பெயர்கள்: முதலில் படைத்தவர், பிறகு மாற்றியமைத்தவர். மூலப்பாடலைத் தேடிக் கேட்டுவிட்டு மறுபடி ரீமிக்ஸுக்கு வந்தால், எதை வைத்துக்கொண்டார்கள், எதை நீக்கினார்கள், எங்கே வேகத்தைக் குறைத்தார்கள் என்பது தெளிவாகக் கேட்கும். எந்தப் பாடநூலும் இல்லாமல் இசையமைப்பைக் கற்றுக்கொள்ள இது ஒரு வகுப்பறை.

“இசைச் செயலியில் எல்லாமே கிடைக்கிறதே, தொகுப்பு எதற்கு?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. செயலி நமக்கு ஏற்கெனவே பிடித்ததைப் போன்றதையே பெரும்பாலும் பரிந்துரைக்கிறது. தொகுப்பவரோ, நமக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ, நாம் கேட்டாக வேண்டும் என்று தாம் நம்பியதை வரிசைப்படுத்தித் தருகிறார். மூன்றாவது பாட்டு பிடிக்காமல் போகலாம். நான்காவதைக் கேட்ட பிறகு மூன்றாவது ஏன் அங்கே வந்தது என்பது புரியலாம். அந்தப் பொறுமையைச் செயலி நமக்குக் கற்றுத் தருவதில்லை.

பெற்றோரின் கவலை வேறு. நடன விடுதி, போதைப்பொருள் என்ற எண்ணம் அவர்களுக்கு உடனே வருகிறது. அந்தக் கலாசாரத்தில் போதைப்பொருள் பிரச்சினை இருந்ததும் இருப்பதும் உண்மை. அதை நியாயப்படுத்தத் தேவையில்லை. ஆனால் இந்த இசையைக் கேட்க விடுதிக்குப் போக வேண்டியதும் இல்லை. எம்ஆர்டி பயணத்தில் காதொலிக் கருவியோடு கேட்கலாம். வீட்டில் அப்பா, அம்மாவுடன் உட்கார்ந்தும் கேட்கலாம். ரஹ்மான் பாடலில் தொடங்கினால் அவர்களும் கொஞ்ச நேரமாவது உட்காருவார்கள்!

எனக்கு உண்மையில் கவலை தருவது நம் தமிழ் ரீமிக்ஸ்கள்தான். மடிக்கணினியில் அருமையாக இசை கலக்கத் தெரிந்த இளையர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் இணையத்தில் வலம்வரும் பல தமிழ் ரீமிக்ஸ்களில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் என யாருடைய பெயரும் இல்லை. பல நேரங்களில் ரீமிக்ஸ் செய்தவர் பெயர்கூட இல்லை. ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த எம்.ஐ.ஏ.வின் 2007 தொகுப்பில், ‘தளபதி’ படப் பாடலிலிருந்து எடுத்த துண்டு ஒலிப்பதைக் கேட்டு, “அது நம் இளையராஜா!” என்று நாம் பெருமைப்படுகிறோம். உலகம் நம் கலைஞர்களின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாம், அதே பெயர்களை நம் பதிவுகளில் எழுதத் தவறலாமா?

ரீமிக்ஸ் செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முறையான அனுமதி பெறுங்கள். மூலக் கலைஞர்களின் பெயர்களை எழுதுங்கள். உங்கள் பெயரையும் கூச்சப்படாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து, பெயர் விவரங்களோடு ஒரு தொகுப்பாகவே வெளியிட்டால் இன்னும் சிறப்பு.

கேட்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. இந்த வார இறுதியில் ஒரே ஒரு தொகுப்பைத் தேர்ந்தெடுத்து, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை தாண்டாமல் கேளுங்கள். அதில் உங்களுக்குத் தெரியாத ஒரு பெயரைக் குறித்துக்கொண்டு, அவர் யார், எந்த ஊர், வேறு என்ன செய்தார் என்று தேடிப் பாருங்கள். அடுத்த வாரம் கேட்க வேண்டிய தொகுப்பை அந்தப் பெயரே உங்களுக்குச் சொல்லும்.