காய்ச்சலுக்கு விசாரணை வேண்டாம்



போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்குப் பத்து நாளாகக் காய்ச்சல், தொண்டைவலி, கழுத்தில் நெறி. இரத்தம் பரிசோதித்த டாக்டர், எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் 'மோனோ' என்றாராம். இவள் செல்போனில் தேட, 'முத்த நோய்' என்று வந்திருக்கிறது. "சார், யாருன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறா. நீங்க கேளுங்க" என்றாள். நான் பேசியபோது அந்தப் பிள்ளை அழுதது, அவ்வளவுதான். இருவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1964-ல் லண்டனில் எப்ஸ்டீன், பார், அச்சாங் என்ற மூவர் கண்டுபிடித்த வைரஸ் இது. பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இது தொற்றியிருக்கிறது. எனக்கும் உங்களுக்கும்கூட இருக்கலாம். சிறு வயதில் வந்தால் பெரும்பாலும் தெரியாமலே போய்விடும். பதின்ம வயதில் முதன்முறை வந்தால்தான் இப்படிப் படுத்தும். பிறகு ஆயுள் முழுக்க உடம்பில் தங்கி, அவ்வப்போது எச்சிலில் வெளிவரும். ஒரே தண்ணீர் பாட்டிலில் வாய்வைத்துக் குடித்தாலும் தொற்றலாம். தொற்றி நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் காய்ச்சலே வரும். பிறகு யாரிடமிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வது? ஹெர்பீஸ் குடும்பம் என்றதும் முகம் சுளிக்கிறோம். சின்னம்மை வைரஸும் அதே குடும்பம்தான். அம்மை போட்ட பிள்ளையிடம் ஒழுக்கத்தையா விசாரித்தோம்?

விசாரிக்க வேண்டியது வேறு. நன்றாகத் தூங்குகிறாளா, தண்ணீர் குடிக்கிறாளா? மருந்துக்கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கித் தராதீர்கள். வைரஸுக்கு அது கேட்காது. அமாக்சிசிலின் கொடுத்தால் உடம்பெல்லாம் தடிப்பு வரலாம். மண்ணீரல் வீங்கியிருக்கக்கூடும் என்பதால் டாக்டர் சொல்லும்வரை ஓட்டம், கபடி, பளு தூக்குதல் கூடாது. இடது விலாவுக்குக் கீழே திடீரென வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அசதி பல வாரம் நீடிக்கலாம். "சோம்பேறி" என்று சொல்லாதீர்கள். வகுப்பில் தலைசாய்த்த பிள்ளைகளை அப்படித் திட்டியவன்தான் நானும். அவர்களில் எத்தனை பேர் நிஜமாகவே நோயாளிகளோ! படிக்கிறவர்களில் யாராவது இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

என் மாணவி மகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். காய்ச்சலும் விட்டுவிட்டது. ஆனால் அந்த ஒரு கேள்வி பிள்ளையின் மனதை விட்டுப் போக இன்னும் நாளாகும்.

அன்புடன்,
உங்கள் சார்