பூவை மட்டும் கேட்காதீர்கள்

சென்ற பங்குனியில் சின்னமனூருக்கு அருகே உறவினர் ஒருவரின் வாழைத்தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். கடைசிச் சீப்பும் விரிந்து முடிந்த தார்களில் பூவை ஒடித்து வரப்போரம் எறிந்துகொண்டிருந்தார்கள். செந்நிற மடல்கள் சேற்றில் கிடந்த காட்சி மனத்தை உறுத்தவே, வீட்டுக்கு இரண்டு பூ தருமாறு கேட்டோம். உறவினர் தயங்கினார். "பழம் எவ்வளவு வேணும்னாலும் எடுத்துட்டுப் போங்க மாமா. பூவை மட்டும் கேக்காதீக. ஊசி போட்டது" என்றார்.

விவரம் அறியாத வாசகர்க்காகச் சிறு விளக்கம். வாழைப்பழத்தின் தோலில் துருப்பிடித்தாற்போன்ற புள்ளிகள் விழுவதற்கு இலைப்பேன் என்னும் நுண்ணிய பூச்சி ஒரு காரணம். சுவைக்கு அதனால் பெரிய குறைவில்லை. ஆனால் புள்ளி விழுந்த காயை ஏற்றுமதிச் சந்தை ஏற்பதில்லை. எனவே பூ வெளிவந்து நிமிர்ந்து நிற்கும்போதே, மடல் விரியுமுன், பூச்சிக்கொல்லிக் கரைசலை அதனுள் ஊசியால் செலுத்துகிறார்கள். திசு வளர்ப்பில் வந்த ஜி9 ரகம் பரவிய பகுதிகளில் இது பழகிப்போன வேலை. பழத்தின் தோல் அழகாயிருக்க வேண்டுமென்பதற்காகப் பூ உண்ணத் தகாததாயிற்று. தம் வீட்டு அடுக்களைக்கு அனுப்பாததை எமக்கும் தர மறுத்த அந்த உறவினரின் நேர்மையை நாம் பாராட்டவே செய்கிறோம். நமது வருத்தம் அவர்மீதன்று.

1895இல் முல்லைப் பெரியாற்று அணை நிறைவுற்றபின் இப்பள்ளத்தாக்கு பெற்ற பசுமையைப் பற்றிப் பேசாதவர் இல்லை. நெல், வாழை, திராட்சை, தென்னை, வெற்றிலைக் கொடிக்கால் என ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் நிலம் இது. சீலையம்பட்டியிலும் ஆண்டிபட்டியிலும் பூச்சந்தைகள் மணக்கின்றன. இவ்வளவு பூக்கும் நிலத்தில் உண்பதற்கு ஒரு பூவை நம்பி வாங்க முடியவில்லை என்பது சிறிய செய்தியன்று.

இலக்கிய வாசகர்களிடம் சமையலைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். தமிழ் கற்பிப்போர் என்ற முறையில் நமக்கும் இதில் ஒரு குற்றவுணர்வு உண்டு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களை மாணவர்களை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். வெட்சியும் வஞ்சியும் போருக்கு, முல்லையும் நெய்தலும் திணைக்கு என்று பூவைக் குறியீடாகவே கற்பித்துவிட்டோம். ஆனால் அதே சங்கப் பரப்பில் பூ பசியையும் தீர்க்கிறது. மாமூலனாரின் அகநானூற்றுப் பாடலொன்றில், கரடி தின்று எஞ்சிய இருப்பைப் பூக்களைப் பெண்கள் மூங்கிற் குழாய்களில் சேர்த்துச் சிறுகுடித் தெருக்களில் கொண்டு திரிகிறார்கள். புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தனாரின் கைம்பெண், இளமையில் தழையாடையாக உதவிய ஆம்பல் இப்போது தன் உணவாகிவிட்டதை எண்ணி இரங்குகிறாள். அணியும் பூவுக்கும் உண்ணும் பூவுக்கும் நடுவே அன்று இத்தனை உயரமான சுவர் இருக்கவில்லை. "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்ற பழமொழியை ஏளனமாகவே வழங்குகிறோம். இனிப்புக்கு ஒரு பூவை நம்பியிருந்த ஊர்களின் நினைவு அதில் ஒளிந்திருப்பதைக் காண்பதில்லை.

அந்த நினைவை ஏட்டைவிடச் சிறப்பாகக் காத்தது அடுக்களை. எங்கள் அப்பத்தா முருங்கைப்பூவைக் கிளையிலிருந்து பறிக்க விடமாட்டார். பூவைப் பறித்தால் காய் ஏது? விடியலில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து, உதிர்ந்ததை மட்டும் அள்ளிவந்து பாசிப்பருப்போடு வதக்குவார். வேப்பம்பூவுக்கும் அதே வேட்டிதான். பங்குனியில் நிழலில் உலர்த்தி வைத்தால் சித்திரை முதல் நாள் பச்சடிக்கும், ஆண்டு முழுவதும் ரசத்திற்கும் ஆகும். பூசணியில் அடியில் பிஞ்சு புடைத்திருப்பது பெண்பூ, அதைத் தொடலாகாது. நீண்ட காம்போடு நிற்கும் ஆண்பூவைக் கொள்ளலாம், அதிலும் தேனீக்காகச் சில விடவேண்டும். கொடிக்காலில் வெற்றிலைக்குக் கொழுகொம்பாக நிற்கும் அகத்தியின் பூவை நடு நரம்பு நீக்கியே சமைக்க வேண்டும், இல்லையேல் கசக்கும். இவை வெறும் சமையற் குறிப்புகள் அல்ல. ஒரு செடியிடமிருந்து எவ்வளவு எடுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்ற கணக்கு இவற்றில் இருக்கிறது. தாவரவியல் என்ற சொல்லை அறியாத பெண்கள் அந்தக் கணக்கைத் தவறாமல் போட்டார்கள்.

ஆனால் பழமையைப் போற்றுவோர் ஒன்றை மறைக்கிறார்கள். வாழைப்பூவை ஆய்வதற்கு அரைமணிக்குக் குறையாது. ஒவ்வொரு மடலாகப் பிரித்து, ஒவ்வொரு பூவிலும் கள்ளனை இழுத்து, கண்ணாடிபோன்ற செதிலை நீக்கி, கருக்காமலிருக்க மோர் கலந்த நீரில் நறுக்கிப் போட்டு முடிப்பதற்குள் விரல்கள் கறையேறிவிடும். பந்தியில் அமர்ந்து வாழைப்பூ வடையைப் புகழ்ந்த ஆண்கள் எத்தனை பேர் அந்தக் கறையை அறிவோம்? "இக்காலப் பெண்கள் இதையெல்லாம் சமைப்பதில்லை" என்று குறைகூறும் நண்பர்களுக்கு நம் விடை இதுதான்: ஒரு பூவை எடுத்துக்கொண்டு நீங்கள் உட்காருங்கள். நாம் உட்கார்ந்தோம். முதல் பூவுக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று.

மற்றொரு புறம், பெருநகர உணவகங்களில் தட்டின் ஓரத்தில் ஒரு பூவிதழை வைத்து அலங்கரிப்பது நாகரிகமாகியிருக்கிறது. அதைக் கண்டு பூச்சந்தை ரோஜாவை வாங்கிக் குல்கந்து செய்ய முனைவோரை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. மாலைக்கும் கூந்தலுக்கும் வளர்க்கப்படும் பூவில் மருந்து தெளிப்பவர், அது யாருடைய வயிற்றுக்கும் போகாது என்ற எண்ணத்திலேயே தெளிக்கிறார். கோயிலுக்கு உகந்ததெல்லாம் வாய்க்கு உகந்ததுமன்று. அரளி நஞ்சு என்பதை நம் கிராமங்கள் துயரத்தோடு அறியும். மலைக்கு அப்பால் கேரளத்தில் 2024இல் ஓர் இளம்பெண்ணின் சாவுக்கு அரளியே காரணமென ஐயம் எழுந்ததைத் தொடர்ந்து, திருவிதாங்கூர் தேவசம் வாரியம் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைத் தவிர்க்க ஆணையிட்டது.

ஆகவே பூச்சமையலை மீட்பதென்பது செய்முறைகளைத் தொகுப்பதோடு முடிவதன்று. இப்பூவை யார் வளர்த்தார், எதைத் தெளித்தார் என்ற கேள்வியில் அது தொடங்க வேண்டும். கொல்லையில் ஒரு முருங்கை, வேலியோரம் ஓர் அகத்தி, கிணற்றடிக் கழிவுநீரில் ஒரு நாட்டுவாழை இருந்தால் போதும். இடமில்லாதவர்க்குத் தெருமுனை வேம்பு இருக்கிறது. புள்ளி விழுந்த பழத்தை முகம் சுளிக்காமல் வாங்குவதும் பூவைக் காக்கும் செயலே. தோலின் அழகுக்கு நாம் தரும் விலைதானே ஊசியாகப் பூவில் இறங்குகிறது?

சென்ற மாதம் அந்த உறவினர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு வாழைப்பூ. "கிணத்தடியில வீட்டுக்குன்னு நாலு நாட்டுக்கட்டை வச்சிருக்கேன் மாமா, ஊசி போடலை" என்றார். அன்று கூடத்தில் அமர்ந்து நாங்கள் இருவருமே ஆய்ந்தோம். எங்கள் விரல்களில் ஏறிய கறை மூன்று நாள் போகவில்லை. வகுப்பில் மாணவர்கள் பார்த்துக் கேட்டார்கள். அன்றைய பாடம் புறநானூற்று ஆம்பல். அந்தக் கறையைக் காட்டியே தொடங்கினோம்.