பட்டியலில் இல்லாத பிள்ளைகள்
"தம்பி, ரிசல்ட் வந்துருச்சா?"

சிவகாசிப் பட்டாசு ஆலையிலிருந்து திரும்பும் அக்காக்கள் தினமும் என்னிடம் கேட்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய என்.எம்.எம்.எஸ். தேர்வு அது. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை. அது கிடைத்தால் பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் படிக்க வைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளை? 'தகுதி இல்லை' என்று கடந்துவிடுவோம்.

1953இல் ராஜாஜியின் திட்டம் பிள்ளைகளை அரைநாள் அப்பன் தொழிலுக்கு அனுப்பியது. குலக்கல்வி என்று எதிர்த்தோம். 1954இல் அதைக் கைவிட்ட காமராசர் இதே விருதுநகர்க்காரர். பள்ளியில் சோறு போட்டபோது அவர் தட்டேந்திய பிள்ளைக்குத் தேர்வு வைக்கவில்லை.

வறுமைக்குத் தருகிற உதவிக்குத் தகுதித் தேர்வு எதற்கு? இந்தத் தொழிலாளர் பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுங்கள். இல்லையென்றால் அம்மாவின் கையிலிருக்கும் மருந்துக்கறை பிள்ளையின் கைக்கும் வரும். குலக்கல்விக்கு வேறு என்ன பெயர்?