வெறும் இலையும் கணக்கில் உண்டு

திருவண்ணாமலையை அடுத்து, வேலூர் செல்லும் சாலையில் உள்ள வேங்கிக்காலில் நம் உறவினர் இல்லம் ஒன்று உண்டு. சென்ற விடுமுறையில் அங்கே இரண்டு நாள் தங்கியிருந்தோம். ஒரு நாள் மாலை அவ்வீட்டுப் பாட்டியம்மாள் பேரனையும் பேத்தியையும் திண்ணையில் உட்கார வைத்து, ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதில் வெல்லம், புளி, உப்பு, மிளகாய், பாகற்காய், கொட்டைப்பாக்கு. அறுசுவையும் ஆயிற்று.

"இவற்றில் இரண்டிரண்டு சுவையாகச் சேர்த்தால் எத்தனை விதம் வரும், சொல்லுங்கள் பார்க்கலாம்."

பேரனுக்கு வயது பத்து. "ஒவ்வொன்றுக்கும் துணை ஐந்து. ஆறைந்து முப்பது!" என்றான். தங்கை விடவில்லை. "வெல்லமும் புளியும், புளியும் வெல்லமும் ஒன்றுதானே, அண்ணா?" என்றாள். முப்பது பாதியாகிப் பதினைந்தாயிற்று.

மூன்று மூன்றாகச் சேர்த்தபோது சண்டை மூண்டது. அண்ணன் கணக்கில் பதினெட்டு. தங்கை கணக்கில் இருபத்தொன்று. இவ்விடத்தில் நாம் ஒரு பிழை செய்தோம் என்பதை நேயர்களிடம் மறைப்பானேன்? படித்தவர் என்ற மிதப்பில், "இருபது" என்று சொல்லிவிட்டோம். அவ்வளவுதான், இருவர் முகமும் வாடிவிட்டன. பாட்டியம்மாள் நம்மை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குழந்தைகளிடம், "மாமா சொன்னால் ஆயிற்றா? விட்டது எது, இரண்டு தரம் வந்தது எது என்று கண்டுபிடியுங்கள்" என்றார். வெல்லம் உள்ளவற்றை முதலில், பிறகு வெல்லம் இல்லாமல் புளி உள்ளவற்றை, இப்படி வரிசைப்படுத்தினால் ஒன்றும் தப்பாது என்று அவர்களே கண்டுகொண்டார்கள். அந்த வரிசையைக் கண்டதுதான் கணிதம். இருபது என்ற விடை அதன் கூலி.

நான்கு நான்காக எண்ணத் தொடங்குமுன் சிறுமி கைகொட்டினாள். நான்கை எடுப்பதும் இரண்டைத் தள்ளுவதும் ஒன்றே. ஆகவே மறுபடியும் பதினைந்து! தனிச் சுவை 6, இரண்டு 15, மூன்று 20, நான்கு 15, ஐந்து 6, ஆறும் சேர்ந்தது 1, மொத்தம் 63. சுச்ருத சங்கிதை என்னும் பழைய வைத்திய நூல் சுவைக் கலப்புக்களை எண்ணிக் காட்டும் தொகையும் இந்த 63தான்.

பேரன் வேறு வழி கண்டான். ஒவ்வொரு சுவையும் இலையில் இருக்கும், அல்லது இராது. ஆறு முறை இரட்டித்தால் 64. ஒன்று எப்படி மிகுந்தது? நெடுநேரம் விழித்துவிட்டு, "ஒன்றும் பரிமாறாத வெறும் இலை!" என்று கூவினான்.

நம் பள்ளிகள் பலவற்றில் இப்பாடம் மேல்வகுப்பில் ஒரு சூத்திரமாக வந்து சேர்கிறது. மாணவர் உருப்போட்டு, பரீட்சை முடிந்ததும் மறக்கின்றனர். சென்னையில் 1993-ல் ராமானுஜன் அருங்காட்சியகத்தை அமைத்த கணித ஆசிரியர் பி. கே. ஸ்ரீனிவாசன் வேறு மார்க்கம் காட்டினார். நாட்காட்டியைக் கொண்டே எண் விளையாட்டுக்கள் அமைத்து ஒரு சிறு நூல் எழுதினார். மாதத்தாளில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதிகளை வளைத்துப் பாருங்கள். நடுவெண்ணைப் போல் ஒன்பது மடங்கே மொத்தம். நடுவில் 9 இருந்தால் 81. ஏன் என்பதைக் குழந்தைக்குச் சொல்லிவிடாதிருக்க நேயர்களால் முடியுமா? நம்மால் முடியவில்லை!

இரவு சாப்பாட்டுக்குப்பின் பாஸ்கராசாரியாரின் லீலாவதியைப் பற்றிப் பேச்சு வந்தது. 1150-ல் எழுந்த அந்நூலில், சிவபெருமானின் பத்துக் கைகளிலும் பாசம், அங்குசம், சூலம் முதலிய பத்துப் பொருள்களை எத்தனை விதமாக மாற்றி வைக்கலாம் என்று ஒரு கேள்வி உண்டு. விடை 36,28,800. இம்முறை நாம் வாய் திறக்கவில்லை. பாட்டியம்மாள் திருமாலின் நான்கு கைகளிலிருந்து தொடங்கச் சொன்னார். சங்கு, சக்கரம், கதை, தாமரை. 24 என்று எழுதி முடிப்பதற்குள் சிறுமிக்குத் தூக்கம் வந்துவிட்டது. "ஐந்தாவது கை வந்தால் என்ன ஆகும் என்று நாளைக்குப் பார்ப்போம்" என்று பாட்டியம்மாள் விளக்கைத் தணித்தார்.