செய்தியாளரின் போனுக்குள் இருப்பவர்கள்

2023 அக்டோபர் 3. நியூஸ்கிளிக் இணைய இதழோடு தொடர்புள்ள பத்திரிகையாளர்களின் வீடுகளுக்குள் டெல்லி போலீஸ் புகுந்தது. லேப்டாப், செல்போன்னு அள்ளிக்கிட்டுப் போனாங்க. நிறுவனர் பிரபீர் புர்காயஸ்தாவைக் கைது செய்தது செல்லாது என்று 2024 மே 15-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சரி, ஆள் வெளியே வந்துட்டார். போனுக்குள் மாட்டிக்கொண்டவர்களின் கதி?

ஒரு செய்தியாளரின் போனில் அவர் மட்டுமா இருக்கிறார்? டெண்டர் கோப்பைப் படம் பிடித்து அனுப்பிய குமாஸ்தா இருக்கிறார். மருந்து இருப்பு இல்லை என்று சொன்ன செவிலியர் இருக்கிறார். அவங்க மேல வழக்கும் இல்லை, வாரண்டும் இல்லை. ஆனா போனைத் திறந்தா வேலை போச்சு, சில நேரம் உயிரே போச்சு.

தமிழ்நாட்டில் மட்டும் என்ன வாழுதாம்? அண்ணா பல்கலைக்கழக வழக்கின் எஃப்.ஐ.ஆர். கசிந்தது பற்றி விசாரிக்கிறோம் என்று சொல்லிச் செய்தியாளர்களின் போன்களைத்தான் வாங்கி வைத்தார்கள். திருப்பிக் கொடு என்று 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

செய்தி தந்தவரைக் காட்டிக்கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 1978-ம் ஆண்டு பிரஸ் கவுன்சில் சட்டம். ஆனால் அது கவுன்சில் நடத்தும் விசாரணைக்கு மட்டும்தான். புதிய சாட்சியச் சட்டத்திலும் வக்கீலிடம் கட்சிக்காரர் பேசியதற்குக் காப்பு உண்டு, செய்தியாளரிடம் பேசியதற்கு இல்லை. பறிமுதலுக்கு வழிகாட்டு நெறிமுறை வகுக்கச் சொல்லி 2023 நவம்பரிலேயே உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசிடம் கூறியது. நீதிபதியின் உத்தரவு இல்லாமல் செய்தியாளரின் போனைத் தொடக் கூடாது என்று சட்டமே வரணும். இதுதான் நம் கோரிக்கை.

அதுவரை நீங்களும் உஷாரா இருங்க. ஊழல் ஆதாரத்தை அலுவலக கம்ப்யூட்டரிலோ அலுவலக வைஃபையிலோ அனுப்பாதீங்க. வாட்ஸ்அப் செய்தியை நடுவழியில் யாரும் படிக்க முடியாதுதான். போனே கைமாறிட்டா அந்தப் பூட்டால் என்ன பயன்? சிக்னல் செயலியில் தானாக அழியும் வசதியைப் போட்டு வையுங்க. போனில் எடுத்த படத்துக்குள்ளேயே நேரமும் இடமும் பதிந்திருக்கலாம், அதையும் கவனிங்க.

இன்னொன்று, கொஞ்சம் கசக்கும். நம்மைப் பற்றி ஒரு செய்தி வந்தாலே சிலர் கமெண்ட்டில் போய், “உனக்கு யார் சொன்னது, பேரைச் சொல்லு” என்று மிரட்டுகிறார்கள். செய்தி தப்பா? ஆதாரத்தோடு மறுங்க. சொன்னவரைத் தேடாதீங்க.