நடுங்கும் ஜீப்புக்கு டாம்பர் மருந்தா?

அமெரிக்காவில் பழைய ஜீப் ராங்ளர் வாங்குகிறவர்களில் சிலருக்கு இது நேர்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்; அடுத்த நொடி வண்டியின் முன்பக்கமே வெறி பிடித்தது போல் உதறும். 'டெத் வாபிள்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் அடங்கும்.

உடனே புது ஸ்டீரிங் டாம்பர் மாட்டுகிறார்கள். நடுக்கம் நிற்கிறது, கொஞ்ச நாளைக்கு. நோயை விட்டுவிட்டு காய்ச்சலை மட்டும் இறக்குகிற வைத்தியம் இது.

1997 முதல் 2006 வரை வந்த டிஜே மாடலில் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இருக்கின்றன. அந்த அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடித்திருப்பது ட்ராக் பார் என்ற ஒற்றைக் கம்பி. அதன் புஷ் தேய்ந்தாலோ, போல்ட் துளை அகன்றாலோ ஆட்டம் ஆரம்பம். கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமும் அசைக்க, இன்னொருவர் அந்தக் கம்பியின் இரு முனைகளையும் பார்த்தால் போதும். தளர்ச்சி கண்ணுக்கே தெரியும். முந்தைய உரிமையாளர் வண்டியின் உயரத்தைக் கூட்டியிருந்தால் காஸ்டர் கோணத்தையும் அளந்துவிடுவது நல்லது.

பழைய வண்டியில் டாம்பர் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால், அதை ஏன் மாற்றினார் என்று விற்பவரிடம் கேட்காமல் முன்பணம் கொடுக்கக்கூடாது.